நாடியில் கீறல் இல்லை

மகனுக்கு,

ஞாயிறு பூசையில் உன் மனைவி அனோஜினிக்காகச் செபம் கேட்டாய். குளியலறையில் வழுக்கி விழுந்து தாடை உடைந்துவிட்டதாம். அன்று பின்னேரமே வீட்டுக்குச் சூப் வரத் தொடங்கியது. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து கொண்டுவந்த உன் மாக்கிறேட் அன்ரி, "பாவம் தம்பி, என்ன அன்பா பாக்கிறான்" என்றா. நான் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

அனோஜினியின் பல்வரிசை இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறு கிழமைக்கு உறிஞ்சித்தான் குடிக்கலாம். நீயோ இன்று காலை அவளுடைய சூப்பிலிருந்த இறைச்சியைப் பொறுக்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போனாய்.

மத்தியானம் அவளைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அன்ரி, அப்பிடி விழுந்தா நாடித் தோல் கிழிஞ்சிருக்கும். இவவுக்குக் கீறல்கூட இல்லை. உண்மையா விழுந்தவவோ?"

அவளைச் சேர்த்த அன்று உன் பொய்க்குத் தலையாட்டியவள் நான். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இன்று, "இல்லை, என்ர மகன் குத்தினவன்" என்றேன்.

உன் உடுப்புகள் வாசலில் பைக்குள் இருக்கின்றன. பக்கத்தில் சூப் பாத்திரங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததைச் சொல்லிப் பாத்திரத்தைக் கொடு.

உன்னைப் பெற்றவள்