நாலு மடங்கு

வலியசாலை
6 ஜூலை 2024

சுப்ரியாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்கள் கோபமும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. பிரஜினைக் கூப்பிட்டால், "சேச்சி, மகேஷண்ணன் ஆத்துல குளிக்கப் போயிருக்கு" என்கிறான். காலையில் கேட்டாலும் குளியல், மத்தியானம் கேட்டாலும் குளியல். கல்லாற்றில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? அவன் டீக்கடையில் உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில்கூட உங்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை.

அங்கிருந்து இங்கே தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பொன்முடி பஸ்ஸில் இரண்டு மணி நேரம். துபாயில் இருப்பவர்கள்கூட வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள். மார்ச் மாதம் ஆஸ்பத்திரிப் படியிறங்கிப் போன நீங்கள் இன்னும் வரவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் தனியாக உட்காருகிறாள். பள்ளிக்கூடத்தில் ஓடுகிறாள். நான் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. வார்த்தைகள்தான் சில சமயம் சிக்கிக்கொள்கின்றன. கரண்டி என்று வராது, "கொழம்பு கோருறது" என்பாள். குடை, "மழைக்குப் பிடிக்கிறது." மூளையின் இடது பக்கத்தில் ஆபரேஷன் என்பதால் இப்படித்தான் இருக்கும், மெல்ல மெல்லத் திரும்பும் என்று டாக்டர் சொல்கிறார். கேட்டவுடன் வராது, விட்டுவிட்டால் தானாக வருகிறது. அப்பா என்று சொல்கிறாள். நிஜமாகவே சொல்கிறாள்.

இன்னொரு விஷயம். ஆபரேஷனில் எடுத்த மூளைத் துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று அன்று கேட்டார்கள், நான் சரி என்றேன். அதை வைத்து ஆராய்ச்சி செய்கிற ரெம்யா என்ற பெண், நாங்கள் செக்கப்புக்குப் போனபோது வந்து பேசினாள். "அதெ எனக்குக் காட்டுவீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மேலே கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் வாருங்கள்.

பிரேமா


கல்லாறு
11 ஜூலை 2024

பிரேமா,

கடிதம் கிடைத்தது. நான் ஒரு தடவைதான் குளிக்கிறேன். மற்ற குளியலெல்லாம் பிரஜின் சொந்தமாகச் சொல்வது. இங்கே மழை விடவில்லை, கடைக்குள் அட்டை ஏறிவருகிறது.

ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாதது போல எழுதியிருக்கிறாய். ஆபரேஷன் முடிந்து அவள் கண் தெளிந்த நாள், நர்ஸ் என்னைக் காட்டி, "மோளே, இது ஆரா?" என்று கேட்டாள். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னை அம்மா என்று கூப்பிட்டாள். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

தலையைத் திறக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். நீ கையெழுத்துப் போட்டாய். வலிப்பு நின்றுவிட்டது, அதனால் நீ செய்தது சரி. ஆனால் அவள் மூளையில் நான் எந்த இடத்தில் இருந்தேனோ அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்பா என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். கிளிக்குச் சொல்லிக்கொடுத்தால் அதுவும்தான் சொல்லும். போன் எடுத்தால் நீ பின்னாலிருந்து "அப்பான்னு சொல்லு, சொல்லு" என்று கிசுகிசுப்பது எனக்குக் கேட்கும். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அந்தத் துண்டைப் பார்க்கப் போகாதே. போனால் போ.

மகேஷ்குமார்


வலியசாலை
18 ஜூலை 2024

சுப்ரியா அப்பாவுக்கு,

போகாதே என்று எழுதி, பக்கத்திலேயே போ என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாலை பஜார் துணிக்கடையில் நாளெல்லாம் சேலை விரித்துக் காட்டுகிற கை, இரண்டு நாளாக எந்தச் சேலையை விரிக்கிறோம் என்று தெரியாமல் விரிக்கிறது. முதலாளியம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டார்.

ஏதோ பாட்டிலில் இறைச்சித் துண்டாக மிதக்கும் என்று நினைத்துப் போனேன். ரெம்யா ஒரு சின்னக் கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர்தான் தெரிந்தது. "எங்க?" என்றேன். "சேச்சி, கொஞ்சம் சரிச்சுப் பாருங்க." சரித்தபோது ஓரம் ஒன்று மினுங்கியது. நுங்குச் சுளை மாதிரி இருந்தது. நம் பிள்ளையின் தலைக்குள் இருந்தது அது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த என் விரல் ரேகை அப்படியே தெரிந்தது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன். மூளைத் துண்டை ஏடு ஏடாகச் சீவி, ஒரு திரவத்தில் ஊறவைக்கிறார்கள். அது உள்ளே போய் இறுகி, கண்ணுக்குத் தெரியாத வலையாகிறது. மூளையில் எது எது எங்கே இருந்ததோ அதையெல்லாம் அந்த வலையோடு கட்டிவைக்கிறார்கள். பிறகு சதையின் இறுக்கத்தைக் கரைத்துவிட்டுச் சுத்தத் தண்ணீரில் போட்டால், வலை தண்ணீரைக் குடித்துக் குடித்து விரிகிறது. நீளத்தில் நாலு மடங்கு, அகலத்தில் நாலு மடங்கு, கனத்திலும் நாலு மடங்கு. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்று கிடையாது. பக்கத்தில் இருந்தது பக்கத்திலேயே இருக்கிறது, இடைவெளி மட்டும் கூடுகிறது. "மைக்ரோஸ்கோப்புக்கு எட்டாத அத்ர சின்னதா இருக்குல்லே சேச்சி, அதுனால பாக்கிறதையே பெரிசாக்கியாச்சு" என்றாள். இவ்வளவு எளிய யோசனையா என்று கேட்டுவிட்டேன்.

அந்த வலைக்கு அக்ரிலேட் என்று பேராம். உங்கள் அக்கா மாடம்மாள் மதினிக்குக் கண் புரை எடுத்து வைத்தார்களே, அந்த லென்சும் இந்தக் குடும்பம்தான். மூட்டு மாற்றும்போது எலும்போடு ஒட்டவைக்கிற சிமெண்டும் அப்படியாம். "பின்னெ, கொச்சுக்குக் கெட்டுற டயாபர் இல்லியா, அதுக்குள்ள இருக்கிற பொடியும் இதோட சொந்தக்காரன்தான்" என்று ரெம்யா சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. தூக்கத்தில் வலிப்பு வந்து நனைந்துவிடுவாள் என்று பத்து வயதிலும் நாம் அவளுக்குக் கட்டிவிட்டோமே! அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று நான் காலி பாக்கெட்டைக்கூட ஒளித்துத்தான் எறிவேன். என்னை அவ்வளவு வெட்கப்படுத்திய பொருளின் உறவுக்காரன் இங்கே இந்த வேலை செய்துகொண்டிருக்கிறான்.

பிறகு விளக்கை அணைத்துத் திரையில் காட்டினாள். ஒரு கிளை. அந்தக் கிளை முழுக்க முள் முள்ளாகச் சின்ன மொட்டுகள். அது ஒரே ஒரு நரம்பு அணுவின் ஒரு கிளையாம். மொட்டின் நுனியில் பச்சையாக ஒரு புள்ளி, அதற்கு எதிரே சிவப்பாக ஒரு புள்ளி. விரிப்பதற்கு முன்னால் பார்த்தால் இரண்டும் அப்பி ஒரே புள்ளியாகத்தான் தெரியுமாம். விரித்த பிறகுதான் அவை இரண்டு என்றும், நடுவில் நூலிழை இருட்டு இருக்கிறது என்றும் தெரிகிறது. ஒரு அணு இன்னொன்றுக்குச் சொல்வதெல்லாம் அந்த இருட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் படத்தைத் தள்ளத் தள்ள, அந்த ஜோடிகள் வந்துகொண்டே இருந்தன. முடியவே இல்லை. நான் பெற்றேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், இதில் ஒரு முள்ளைக்கூட நான் செய்யவில்லை. யார் செய்தார்கள் இதையெல்லாம், என் வயிற்றுக்குள் உட்கார்ந்து? என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

அப்புறம் இன்னொரு இடத்தைக் காட்டினாள். அங்கே கிளைகளே இல்லை, வெறும் வடு. வலிப்பு கிளம்பிய இடம் அதுதானாம். அணுக்கள் எப்போதோ செத்துப்போயிருக்கின்றன. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். துக்கமா என்று கேட்டால், இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் பிரேமா


கல்லாறு
25 ஜூலை 2024

பிரேமா,

நீ எழுதியதைப் பிரஜினுக்கும் படித்துக்காட்டினேன். அந்தப் பச்சையும் சிவப்பும் வந்த இடத்தில் அவன் ஆம்லெட்டைக் கருகவிட்டான். வந்திருந்த டூரிஸ்ட் பார்ட்டி சண்டைக்கு வந்துவிட்டது.

ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து யோசித்தேன். நம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த இத்துனூண்டுப் பிள்ளையின் தலைக்குள் அப்படி ஒரு காடா? நான் அவள் தலையில் எண்ணெய் தேய்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் தேய்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. போனது கோபம், இருப்பது பயம். அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டுச் சொல். அவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்றால், நான் அதில் இருக்கிறேனா என்று பார்க்க முடியுமா? சிரித்தால் சிரிக்கட்டும். கேள். வெட்டியெடுத்த அந்தத் துண்டில் நான் இருக்கிறேன் என்று தெரிந்தால், அதோடு நான் போனவன்தான், அவள் வாயில் அப்பா என்பது உன்னிடம் படித்த பாடம்தான். இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

மகேஷ்குமார்


வலியசாலை
30 ஆகஸ்ட் 2024

என்னங்க,

பதில் தாமதமாகிவிட்டது. ரெம்யா ஏதோ மீட்டிங்குக்கு வெளியூர் போயிருந்தாள். முந்தாநாள்தான் பார்க்க முடிந்தது. மழைக்காகக் கலெக்டர் லீவு விட்டுவிட்டார், பிள்ளையை வீட்டில் தனியாக விட முடியாமல் அவளையும் கூட்டிப்போனேன்.

உங்கள் கேள்வியைக் கேட்டேன். ரெம்யா சிரிக்கவில்லை. "சேச்சி, சத்தியம் பறயாம். எனக்கு அறியில்ல. ஒலகத்துல ஆர்க்கும் அறியில்ல. எது எதோட சேர்ந்திருக்குன்னு பாக்கலாம். அதுல ஒரு அச்சன் இருக்காரான்னு பாக்க இதுவரைக்கும் ஒரு வழியும் இல்ல. ஆனா ஒரு ஆளெ ஒரே எடத்துல மட்டும் வெக்கிற பழக்கம் மூளைக்கு இல்ல சேச்சி." இவ்வளவு பார்த்தவள் தெரியாது என்று சொன்னது எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிதாகப் பட்டது. ஆக, நீங்கள் அதில் இருக்கிறீர்கள் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. அங்கே நடந்ததை எழுதுகிறேன், நீங்களே பாருங்கள்.

பாப்பா திரையைப் பார்த்தாள். "இது எனக்குள்ள இருந்ததா?" "ஆமா மோளே." "இப்ப எனக்கு வேண்டாமா?" "வேண்டாம்." "நல்ல ரெசமா இருக்கே" என்று ரசித்துச் சொன்னாள். ரெம்யா அவளுக்கு வேடிக்கை காட்ட, டயாபர் பொடியைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பொடி பொங்கி டம்ளர் நிறைந்துவிட்டது. பாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... எனக்கு... கெட்டுறது..." என்றாள். வார்த்தை வரவில்லை. நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன், ரெம்யா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். பிறகு பாப்பாவே சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

"இதெ வாங்கிட்டு வர்ற ஆளு. சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு வருவாரு. படியில ஏறும்போ நின்னு இருமுவாரு. சளி ஒண்ணும் இல்ல, சும்மா இருமுறது. அப்ப நான் கண்ணெ மூடிக்குவேன். மெதுவா வந்து அரிசி டின்னுக்குப் பொறத்தால வெப்பாரு. நான் தூங்குறேன்னு நெனச்சிட்டுப் போவாரு. நான் தூங்கல. நான் பாத்தா அவருக்கு வெக்கமா இருக்கும்லா, அதான்."

ரெம்யா மெதுவாகக் கேட்டாள், "அது ஆரு மோளே?"

"ஆஸ்பத்திரியிலயும் வந்து நின்னாரு. நான் தேடிட்டே இருந்தேன், வாயில வரல. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, திரும்பிக்கிட்டேன். கிடைச்சிருச்சுன்னு திரும்பிப் பாத்தேன். போயிட்டாரு."

இந்த இருமல் எனக்குத் தெரியாது. அந்த நேரம் நான் கடையில் இருப்பேன். நீங்கள் என்னிடம் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

பிரேமா


கல்லாறு
4 செப்டம்பர் 2024

பிரேமா,

அழுதேன். பிரஜின் பார்த்துவிட்டான். வெங்காயம் என்றேன். இன்றைக்கு வெங்காயமே நறுக்கவில்லை என்றான்.

அவள் விழித்திருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருமுவேன். தூங்குகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தையைத் தேடி முடிக்கிறவரை நான் அங்கே நிற்கவில்லை.

எந்த இடத்தில் இருக்கிறேன் என்று இனி யாரிடமும் கேட்கமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். அந்தப் படத்தை எனக்கும் ஒரு நாள் காட்டச் சொல்.

ஓணக் கூட்டம் வருகிற நேரம், இப்போது போகாதே என்று பிரஜின் காலையில் சொன்னான். உன் கடிதத்தைப் படித்த பிறகு, போகாவிட்டால் அடிப்பேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தம்பானூருக்கு வா. யார் வருகிறார்கள் என்று அவளிடம் சொல்லாதே.

நான் வந்து முன்னால் நிற்கும்போதும் நீ ஒன்றும் பேசக்கூடாது. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும், எனக்காகச் செய். அவள் பார்க்கட்டும், தேடட்டும். பஸ்ஸெல்லாம் போகட்டும், கூட்டமெல்லாம் போகட்டும். வார்த்தை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இந்தத் தடவை நான் நிற்பேன்.

மகேஷ்குமார்