மண்டபம் முகாமில் மறிக்கப்பட்ட அத்தானுக்கு

ஹட்டன், தை 1940

அன்புள்ள அத்தானுக்கு மாடத்தி வணங்கி எழுதுவது. நான் சுகம். இலஞ்சியில் நீங்களும் அத்தையும் சுகமா?

தங்கை கல்யாணத்தை நடத்தி முடித்துத் திரும்பிய உங்களை, கூலியாட்கள் கடல் தாண்டித் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்ற புதுச்சட்டம் சொல்லி, மண்டபம் முகாமில் மறித்து ஊருக்கே திருப்பிவிட்டதை அறிந்தேன். இங்கே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பேரேட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டார். “பேரத்தான அடிச்சிய, ஆளு இருக்காகள்லா?” என்றேன். சிரித்துவிட்டார்.

நம் அறையில் பாதியை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. நடுவே சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால், நீங்கள்தான் என்று எழுந்துவிடுகிறேன்.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், குளிருக்கு ஆகும்.

தோணியில் ஒளிந்து வர வேண்டாம். பங்குனிக்குள் உங்களை விடாவிட்டால் நானே புறப்பட்டு வருகிறேன். “போனா திரும்ப விடமாட்டாங்க, தெரியும்லா?” என்கிறார் கணக்கப்பிள்ளை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

மாடத்தி