எஞ்சினுக்கு நேர்ந்துவிட்டது

அன்புள்ள மனைவிக்கு,

நேற்றுப் பூசைக்கு மணி அடித்தபோது, நீ குவைத்தில் உழைத்து வாங்கித் தந்த படகு எஞ்சினுக்கு முன்னால் முழந்தாளிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பிலோமினா, "இது எந்தப் புனிதர், அண்ணே?" என்று கேட்டாள். நானும் பல்லிளித்தேன்.

நம் சின்னவள் சிரிக்கவில்லை. "அம்மாவை இதுக்குத்தானே நேர்ந்து விட்டனீங்கள், அப்பா?" என்றாள்.

நீ அங்கே காய்ச்சலில் கிடந்த கிழமை அந்த இரும்பிடம் எதைச் சொல்லி அழ முடிந்தது? ஆண்டவரிடம்தான் ஓடினேன். காய்ச்சல் விட்டதும் மறுபடி இதன் காலடியில்.

பின்னேரம் நீ போனில், "பெரிய எஞ்சினுக்காக இன்னும் ரெண்டு வருசம் நிக்கட்டோ?" என்று கேட்டாய். "உன்ர விருப்பம்" என்றேன். நாளை நீ புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் கிடைக்கட்டும் என்று இந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போனில் சொல்லாமல் விழுங்கியது ஒன்றுதான்: பெரிய எஞ்சின் வேண்டாம், நீ வந்துவிடு.

கண்டக்குழிக் கரையிலிருந்து,
உன் மனுசன்