கதவுக் கீலுக்குப் போட்ட எண்ணெய்

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் புது அறிவியல் டீச்சரைப் பற்றி அம்மா போனில் அளந்ததைக் கேட்டு, பெரிய ஆள்தான் என்றாயாம். இருபத்திரண்டு வருடமாக அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கிற என்னை ஒரு நாளாவது அப்படிச் சொன்னதுண்டா? அவள் செய்தது என்ன, மூன்றாம் வகுப்பில் அண்ணாந்து பார்த்தாள். பழைய டியூப்லைட் சோக்கிலிருந்து பழுப்பு எண்ணெய் கசிந்து மேசையில் சொட்டியிருந்தது. அது நஞ்சு, தோலில் பட்டால் உடம்பில் வருடக்கணக்கில் தங்கும் என்று சொல்லி வகுப்பைப் பூட்டவைத்து, சோக்குகளைக் கழற்ற ஆட்களையும் வரவழைத்துவிட்டாள். கூட்டத்தில் தலைமையாசிரியை அவளைப் புகழ்ந்தபோது என் வயிற்றில் எரிந்த எரிச்சலில் ஒரு பானை வெந்நீர் போட்டிருக்கலாம்.

வாய் சும்மா இருந்ததா? எழுந்து, டீச்சர் விளக்கைத்தான் பார்த்தார், கதவைப் பார்த்தாரா, அந்த எண்ணெயைப் பற்றி அவரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று மார்தட்டினேன். எப்படித் தெரியும் என்று தலைமையாசிரியை கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. சொட்டுவதை வீணாக்குவானேன் என்று டப்பாவில் பிடித்து, கிரீச்சிடும் கதவுக் கீல்களுக்கெல்லாம் நான்தானே போட்டுவந்தேன். வேறு யாருக்கும் தெரியாது, மழுப்பியிருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கதவுகளில் வாண்டுகள் தொங்கி ஊஞ்சலாடுவது கண்முன் வந்து நின்றது, சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கும் நிம்மதி. அவளோ, "அண்ணே, எந்தெந்தக் கதவுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும், கூட வாங்க" என்று கையுறையை நீட்டினாள். பதினோரு கதவு. கீல்களைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அபாயம் என்று எழுதி ஒட்டி அனுப்பினோம். பிள்ளைகளின் வீடுகளுக்குத் தகவல் போயிருக்கிறது, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கும் அவளே கூட்டிப்போனாள், முடிவு வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் சர்க்கரைக்கு என்று சொல்லியிருக்கிறேன், நீ உளறிவைக்காதே. இவ்வளவுக்கும் மேல், கதவுகளை அடையாளம் காட்டியவர் என்று அறிக்கையில் என் பெயரைத் தன் பெயருக்கு மேலே எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரியாக மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்வேன், நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே, இனி நான் எதைச் சொல்லி அவளைத் திட்டுவது?

நீ வேலை பார்க்கும் கட்டடமும் பழையது என்றாய். விளக்கிலிருந்து பிசுபிசுப்பாக ஏதாவது சொட்டினால் தொடாதே, பொறுப்பாளரிடம் சொல். நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிறன்று போன் செய், முதலில் என்னை விசாரி, டீச்சரை அப்புறம் விசாரிக்கலாம்.

ஆசியுடனும் தீராத பொறாமையுடனும்,
உன் அப்பா