சாருக்கு வயிறு சரியில்லை

பள்ளங்கி
செவ்வாய், காலை

இல்லை ரோகிணி, பள்ளி அலுவலகத்தில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் வேலையை விட்டேன். இருபத்திரண்டு வருடம். போதும் என்று ஒரு காலையில் தோன்றியது. இங்கே நாங்கள் இருவரும் நலம், பூண்டுக்கும் இந்த வருடம் நோய் இல்லை, ஹாலிஃபாக்ஸ் குளிரில் உன் இருமல் நின்றதா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன், அதனால் உனக்கு மட்டும் கையால்.

தொழில் என்னவென்று கேட்டிருந்தாய். வர்ச்சுவல் அசிஸ்டென்ட். பெரிய பொறுப்பில் இருப்பவர்களின் மின்னஞ்சலைப் பிரித்துக் கொடுப்பது, கூட்டங்களுக்கு நேரம் குறிப்பது, விமானச் சீட்டு எடுப்பது, எல்லாம் உன் பழைய அறையிலிருந்தே. அப்பா வாசலில் நின்று, "ஏ புள்ள, மொகந்தெரியாத ஆளுக்கு அப்படி என்ன சோலி, வெள்ளனே எந்திரிச்சு?" என்கிறார். காபியை மட்டும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். முதல் ஆள் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி நடத்தும் நல்லசாமி சார். ஒரு மாதம் பார்ப்பார், பிடித்தால் ஒரு வருட ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் திரும்பிப் போக எனக்கு நாற்காலி இல்லை, பள்ளியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, தப்பு செய்தேன். விடிந்ததும் சார் ஒரு வரி அனுப்பினார், ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு, இன்றைய இயக்குநர் கூட்டத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள் என்று. நம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போக முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லி ஆள் விடுவோம் அல்லவா, சொல்லாவிட்டால் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பழக்கம் எழுதிவிட்டது. ஏழு இயக்குநர்களுக்கும், மிக மரியாதையாக, வயிற்றுப்போக்கு உட்பட. இருவர் ஓமத்தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பதில் போட்டார்கள். ஒருவர் மாதுளைத் தோல். பத்து மணிக்குச் சார் அழைத்தார். "ஏனுங்க சுந்தரியம்மா, என் வயித்துக் கதைய ஊருக்கே தண்டோரா போட்டுப்புட்டீங்களே. இப்ப எத்தன தடவைன்னு கேக்கறாங்க." மன்னிப்புக் கேட்டேன். ஏன் எழுதினேன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

நான்கு நாள். ஒவ்வொரு மின்னஞ்சலையும் மூன்று முறை படித்தேன்.

நேற்று அழைத்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் லீலா என்ற இயக்குநர் அம்மா சொன்னாராம், "எப்பவும் தவிர்க்க முடியாத காரணம்னுதான் வரும், கம்பெனிக்கு என்னமோ ஆச்சுன்னு நாங்க கெடந்து தவிப்போம். இந்தத் தடவைதான் நிம்மதியா இருந்தோம்." சார் சிரித்தார். "வருசம் பூராவும் நீங்களே பாருங்க. ஆனா காரணம் எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க." ரோகிணி, எனக்கு ஐம்பத்தொரு வயது, தோட்டத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். அப்பா யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டார். இன்னும் இருக்கிறது, அந்த லீலா அம்மா தன் வேலையையும் பார்க்க முடியுமா என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது ஆள்!

தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. மதியம் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே. பழனியில் நிற்பவன் உன்னையும் பார்த்துக்கொள்வான், அவனுக்கு நேர வித்தியாசம் கிடையாது. நீ தருவதாகச் சொன்ன ஹெட்போனை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
சண்முகசுந்தரி

உறையை ஒட்டும் முன்: நல்லசாமி சாரை அழைத்து, அவர் கம்பெனி இயக்குநர்களில் ஒருவருக்கும் வேலை பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கச் சொன்னார். லீலா அம்மாவுக்குச் சரி என்று எழுதினேன்.