தும்பைப்பள்ளியின் கயிற்றை அவிழ்க்குமாறு நகரமைச்சருக்கு விடுத்த ஓலை

மழை தவறாது பொழிக. நீலாறு கரைக்குள் அடங்கி ஓடுக. குடிகள் வாழ்க.

நீலாறு பாயும் நிலமெல்லாம் தன் குடைக்கீழ் உடையவளும், எழுகுன்றக் காவலர் குலத்தில் தோன்றியவளும், எந்த ஓலையையும் முழுதும் படித்த பிறகே முத்திரையிடும் பழக்கத்தால் அமைச்சர் பலரின் உறக்கத்தைக் கெடுத்தவளுமாகிய கோப்பெருந்தேவி மணிநங்கையார், நகரங்களை வகுப்பதில் நிகரற்றவரும், எம் தந்தையார் காலம் தொட்டுப் பட்டம் மேல் பட்டம் பெற்று வருபவரும், ஆழிமங்கலத்து மாளிகையின் சாளரத்தருகே அமர்ந்தபடியே நாடு முழுவதையும் காண வல்லவருமாகிய நகரமைச்சர் நெடுங்குன்றத்தரையருக்கு விடுக்கும் திருமுகம்.

உமக்கும் உம் இல்லத்தார்க்கும் நலம் பெருகுக. உம் தோட்டத்து மாமரங்கள் காய்த்துக் குலுங்குக. உம் முழங்கால்கள் உறுதி பெறுக. அவற்றுக்கு விரைவில் வேலை வரவிருப்பதால் இவ்வாழ்த்தைத் தனித்துச் சொல்கிறோம்.

தும்பைப்பள்ளி என்னும் சிற்றூரின் நெடுங்கால வளர்ச்சிக்காக எம் தந்தையார் நாளில் வகுத்த பெருந்திட்டத்தை இக்காலத்துக்கு ஏற்பத் திருத்திப் புதுக்கியிருப்பதாகக் கூறி, பட்டுச் சீலையில் வரைந்த படமொன்றை நீர் எம்மிடம் அனுப்பியிருந்தீர். படம் அழகாக இருந்தது. அதில் பழைய திட்டத்தின் தேர்வீதி இரு மடங்கு அகன்றிருந்தது. யானைகள் நீராடப் படித்துறை இருந்தது. மேற்கு எல்லையில் கலங்களுக்கு வழிகாட்ட விண்முட்டும் விளக்குக் கோபுரமும் இருந்தது. முத்திரையை எடுத்த எம் கை அவ்விளக்கைக் கண்டு நின்றது. அவ்வூர் கடலோரத்தில் இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஒருவேளை எமக்குத் தெரியாமல் கடல் நகர்ந்திருக்கலாம் என்றெண்ணி, நேரில் கண்டு வருவதென்று முடிவு செய்தோம்.

பல்லக்கும் பரிவாரமும் இன்றி, துணி வாணிகரின் உறவுக்காரி என்று சொல்லிக்கொண்டு, ஒரே ஒரு காவலனுடன் மாட்டு வண்டியில் சென்றோம். ஊருக்குள் நுழைந்ததும் எமக்குக் கிடைத்த முதற்காட்சியை நீர் அறிவது நலம். ஊர் நடுவே, வடக்கிலிருந்து தெற்குவரை, இடுப்பளவு உயரத்தில் முளைகள் நட்டு இரண்டு கயிறுகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. சந்தைக்குச் செல்வோரும் திரும்புவோரும் முதற்கயிற்றின் கீழ் குனிந்து, இடையிலிருந்த புல்வெளியைக் கடந்து, மறுகயிற்றின் கீழும் குனிந்து எழுந்தனர். தலையில் பானை சுமந்தவள் பானையை இறக்கி உருட்டிவிட்டுத் தானும் நுழைந்தாள். மணக்கோலத்தில் வந்த ஒரு மாப்பிள்ளையும் அவ்வாறே நுழைந்தான். மேளக்காரர் மட்டும் வாசிப்பை நிறுத்தவில்லை.

இது என்ன என்று ஊர்த்தலைவர் அத்திநாடரிடம் கேட்டோம். அவர் மிக்க பணிவுடன் விளக்கினார். முன்னொரு காலத்தில் இளம் அதிகாரி ஒருவர் வந்து தேர்வீதிக்காகக் கயிறு கட்டினாராம். ஆழிமங்கலத்தில் திருவிழா நடப்பதால் அதைப் பார்த்துவிட்டு உடனே திரும்புவதாகக் கூறிச் சென்றாராம். அரசு கட்டிய அளவுக்கயிறு அரசரே நிற்பது போன்றது. அதைக் கட்டிய கையோ அரசர் கையோ அவிழ்க்கும்வரை, தொட்டவர் கையும் தாண்டியவர் காலும் தண்டனைக்கு உரியவை. இது நம் நாட்டு வழக்கம் என்பதை நாமும் அறிவோம். ஆனால் அரசர் முன் குனிவது எந்நாளும் குற்றமன்று என்று ஊர்ச்சபை ஆராய்ந்து முடிவு செய்ததாம். அன்றுமுதல் ஊரார் குனிந்து செல்கின்றனர். கயிறு இற்றுப்போகும் முன்பே, கை படாமல் கோல்களால் அதன் மேல் புதுக்கயிற்றைச் சுற்றி, மாலை சூட்டி, ஆண்டுதோறும் விழாவும் எடுக்கின்றனர். ஊரில் ஆடுகள் மட்டுமே அதைத் துள்ளித் தாண்டுகின்றன. அவற்றுக்கு ஆணையைப் படித்துக்காட்டியும் பயனில்லை என்று அத்திநாடர் வருந்தினார்.

அந்த இளம் அதிகாரியின் பெயரை அவர்கள் மறக்கவில்லை. விழாவில் அப்பெயரைச் சொல்லி வாழ்த்துகின்றனர். அது உம் பெயர்.

ஊர்ச்சபைக்கும் நீர் படியெடுத்து அனுப்பியிருந்த புதிய திட்டத்தை அங்கே படிக்கக் கேட்டோம். விளக்குக் கோபுரப் பகுதியை மக்கள் மிகுந்த மரியாதையுடன் கேட்டனர். கடல் எப்போது வந்து சேரும் என்றும், வந்தால் அதை ஏரிக்கு மேற்கே தங்க வைப்பதா கிழக்கே தங்க வைப்பதா என்றும் ஒரு முதியவர் வினவினார். சபையில் எவரும் சிரிக்கவில்லை. நாம் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம். பிறகு எம்முடன் கொண்டு சென்ற சீலையின் ஓரத்தைப் பார்த்தபோது, கடற்கரைப் பட்டினமாகிய முத்தந்துறைக்கு முன்பு நீர் வரைந்த படமே ஊர்ப்பெயர் மட்டும் மாற்றப்பட்டு இங்கு வந்திருப்பது விளங்கியது. பழைய பெயரைச் சுரண்டிய இடத்தில் பட்டு நைந்திருக்கிறது. இனி இத்தகைய வேலைக்குத் தடித்த துணியைப் பயன்படுத்துவீராக.

இதுவரை நாம் நகைத்தோம். இனி எழுதுவது நகைப்புக்குரியது அன்று.

அவ்வூருக்கு ஒரே மருத்துவச்சி, உலகம்மை. பருத்த உடம்பும் வலிக்கும் முழங்காலும் உரத்த குரலும் உடையவள். அவள் வீடு கயிற்றுக்கு மேற்கே இருக்கிறது. ஊரில் பெரும்பகுதி கிழக்கே. வளர்ச்சித் திட்டத்தில் என்ன வேண்டும் என்று நாம் கேட்டபோது, ஊர்ப் பெண்கள் படித்துறையும் கேட்கவில்லை, கோபுரமும் கேட்கவில்லை. உலகம்மை வீட்டு வாசலுக்கு எதிரே கயிற்றில் ஓர் ஆள் நிமிர்ந்து நுழையும் இடைவெளி மட்டும் வேண்டும் என்றனர். உம் திட்டமோ அவ்வீட்டைச் சுற்றி மேலும் கயிறு கட்டி, அவளை ஏரிக்கு அப்பால் குடியேற்றச் சொல்கிறது.

நாம் புறப்படவிருந்த நாளின் மாலையில் மழை கொட்டியது. கிழக்குத் தெருவில் நெசவாளன் மனைவி குழலிக்கு இடுப்புவலி கண்டது. குழந்தை திரும்பிக் கிடப்பதாகப் பெண்கள் ஓடிவந்து சொன்னார்கள். உலகம்மை வந்தாள். முதற்கயிற்றின் கீழ் குனிந்தவளுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. சேற்றில் விழுந்தவளால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. மறுபுறம் குழலியின் அலறல் கேட்கிறது. இருபுறமும் ஊரே நிற்கிறது. கயிற்றைத் தூக்கிப் பிடிக்க ஒரு கைகூட நீளவில்லை. எமக்குச் சினம் தலைக்கேறியது. புல்லறுப்பவள் ஒருத்தியின் அரிவாளைப் பறித்து இரு கயிறுகளையும் அறுத்தோம்.

பின்பு அத்திநாடர் முன்வந்து, அரச கயிற்றை அறுத்த கையை நீட்டுமாறு எமக்கு ஆணையிட்டார். கடமை தவறாத மனிதர். நீட்டினோம். விரலில் முத்திரை மோதிரத்தைக் கண்டவர், இதற்கு வழக்கத்தில் இடமுண்டா என்று சபைக் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் வானத்தைப் பார்த்தார். அதற்குள் நாமும் காவலனும் உலகம்மையைத் தூக்கி நிறுத்திக் கிழக்குத் தெருவுக்கு நடத்திச் சென்றோம்.

தாய் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. ஊர் வழக்கப்படி, திட்டம் வகுத்த உம் பெயரைக் குழந்தைக்குச் சூட்ட நெசவாளன் விரும்பினான். நற்பேறாக அது பெண்.

இதையும் கேளும். பொழுது விடிந்து உலகம்மை வீடு திரும்பினாள். கயிறு அறுந்து முளைகளிடையே வெறும் காற்று மட்டுமே இருந்த அந்த இடத்துக்கு வந்ததும், வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவளுக்குப் பின் வந்த அத்தனை பேரும் குனிந்தனர். அவ்வூரில் சில நாளே தங்கிய நாமும் குனிந்துவிட்டோம் என்பதை உமக்கு மறைக்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகு நாம் அழுதோம். யாருமே இல்லாத வெற்றிடத்தின் முன் ஒரு நல்ல ஊர் தலைகுனிந்து நடப்பதைக் காண, எந்த அரசிக்கும் பொறுக்காது.

ஆகவே எம் ஆணை இதுவாகும். இவ்வோலை கண்டவுடன் நீர் தும்பைப்பள்ளிக்குச் செல்வீராக. உலகம்மை வீட்டுக்கு அடுத்த வீட்டில் தங்குவீராக. எஞ்சிய முளைகளுக்கெல்லாம் நடந்து சென்று, நீர் கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் உம் கையாலேயே அவிழ்ப்பீராக. முடிச்சுகள் பழையன, மேலே சுற்றிய புரிகளோ பல. அவை இருப்பதோ முளைகளின் அடியில். நெடுநேரம் மண்டியிட நேரும். அதன் பிறகு ஊராரைக் கேட்டு, கேட்டதை எழுதி, அவர்கள் நடக்கும் வழிகளிலேயே வீதிகளை வகுத்துப் புதிய திட்டத்தை அங்கிருந்தே அனுப்புவீராக. கடலை மட்டும் அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவீராக. அத்திட்டம் நிறைவேறியதற்கு அடையாளமாக நாம் கோபுரம் எதையும் கேட்கவில்லை. உலகம்மை தன் வாசலிலிருந்து கிழக்குத் தெருவரை நிமிர்ந்து நடந்தாள் என்று அவள் வாயால் எமக்குச் செய்தி வர வேண்டும். அதுவரை நீர் அவ்வூர்க் குடி.

இத்திருமுகம் எம் கைம்முத்திரை பெற்று, ஆழிமங்கலத்து அவையில் படித்து ஏற்கப்பட்டது. நீலாறு சான்று.

ஓலையைச் சுற்றிக் கட்டியிருப்பது நாம் அறுத்த அக்கயிற்றின் துண்டே. ஒரே ஒரு முடிச்சுத்தான் இட்டிருக்கிறோம். கத்தி தேட வேண்டாம். அவிழ்த்துப் பழகுவீராக.