வயிறு தொட்டுப் பார்க்கிறவன்

அக்டோபர் 5, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடையை நிபோங் திபால் ஸ்டேஷன் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். பிறையில் தீவுக்கு ஃபெர்ரி ஏறும்போதுதான் ஞாபகம். ஆரம்பமே நஷ்டம். நனைந்த தலையோடு தங்கராசுவின் கடைக்கு வந்து சேர்ந்தேன். என் மனைவி செல்லத்தின் தம்பி, மார்க்கெட் தெருவில் ஜவுளிக்கடையில் வேலை. கடை மாடியில் எனக்கு ஒரு பாய் போட்டுத் தந்திருக்கிறான்.

வேலைக்கு வரச் சொன்ன டவுன் டாக்டரைப் பார்த்தாயிற்று. நாளை முதல் காலையில் வேலை. மருந்து கலக்க, புண் கட்ட. தோட்டத்தில் பார்த்த அதே டிரெசர் வேலைதான். ரப்பர் விலை விழுந்ததும் அங்கே ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் துரை. அதற்குள் இங்கே இடம் பிடிக்க வேண்டும். செல்லம், பிள்ளைகள், தாலி அறுத்த என் தங்கை ராக்கு, அவள் பிள்ளைகள், மாமனார், ஒரு பசு.

பார்க்க வேண்டியவை:
டவுனிலேயே கடை மாடி.
ஜெலுத்தோங்.
டத்தோ கிராமாட். நம்மவர்கள் அதிகம் என்கிறான் தங்கராசு.
தண்ணீர்மலை. செ. கேட்பது இதைத்தான். கோயில், மரம், ஓடுகிற தண்ணீர்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். காய்ச்சல் இல்லாத இடம். தோட்டம் முழுக்கக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுத்தவன் நான், என் மகள் பவளத்தை மட்டும் காப்பாற்றத் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மிச்சம் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்குள் வருகிறேன். பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது, இதில்தான் எழுத வேண்டும்.

அக்டோபர் 6, செவ்வாய்

தூறல். வேலை பரவாயில்லை. டாக்டர் அதிகம் பேசமாட்டார்.

மத்தியானம் வீட்டுத் தரகர் மரைக்காயர் வந்தார். பெரிய தொப்பி, பெரிய வாய், நல்ல மனுஷன்.

"எத்தன பேரு டிரெசரே?"

"இருக்கோம், ஒரு குடும்பம்."

"ஒரு குடும்பம்னா ஒரு கப்பலும் ஒரு குடும்பந்தான்லா. எண்ணிச் சொல்லுங்க."

பிள்ளைகளை எண்ணிச் சொல்லக்கூடாது என்பாள் செ. கண் படும் என்பாள். படித்தவன் நான் சிரிப்பேன். பவளத்துக்குப் பிறகு நானும் எண்ணுவதில்லை.

கடை மாடி ஒன்று காட்டினார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் கிழவர் இருமிக்கொண்டே இருந்தார். அது எந்த இருமல் என்று எனக்குத் தெரியும். படியிறங்கி வந்துவிட்டேன். "மாடி பிடிக்கலியா, படி பிடிக்கலியா?" என்றார் மரைக்காயர்.

பல்வலி வேறு. கிராம்பு வாங்க வேண்டும். மிட்டாயும்.

அக்டோபர் 7, புதன்

ஜெலுத்தோங். சேறு, நண்டு, கடல் வாடை. வீடு பெரிது.

மிட்டாய் எதற்கென்று எழுதிவைக்கிறேன், பின்னால் நானே என்னைப் பைத்தியம் என்று நினைக்காமல் இருக்க. தோட்டத்துக்கு வரும் பெரிய டாக்டர் சொல்லிக் கொடுத்தது: ஓர் இடத்தில் விஷக்காய்ச்சல் உண்டா என்று பெரியவர்களைக் கேட்காதே, பிள்ளைகளின் வயிற்றைக் கேள். இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல் வைத்தால் கட்டி தட்டும். காய்ச்சல்கட்டி. தட்டினால் அந்த இடம் நமக்கு வேண்டாம். தோட்டத்தில் தினமும் விளக்கு வைக்கிற நேரம் என் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பேன். பவளம் இருந்தபோதும் பார்த்தேன். அவள்தான் முதலில் வந்து நின்று சட்டையைத் தூக்குவாள், கூச்சம் தாங்காமல் சிரிப்பாள்.

இன்று மூன்று பையன்கள். மிட்டாய் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தட்டவில்லை. ஆனால் பசுவுக்குப் புல் இல்லை, கடல் தண்ணீர் முற்றம்வரை ஏறும் என்கிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகள். வேண்டாம்.

அக்டோபர் 8, வியாழன்

வெயில். தண்ணீர்மலை.

அழகான இடம், பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஓடை, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். செ. பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் வந்தேன். மலைச்சரிவில், வெயில் படுகிற, ஓடுகிற தெளிந்த தண்ணீரில்தான் அந்தக் காய்ச்சல் கொசு முட்டையிடும். தோட்டத்து ஓடையும் இப்படித்தான் இருந்தது.

ஓடைக்கரையில் ஒரு பையன், ஆறேழு வயது. சட்டை இல்லை. மிட்டாய் கொடுத்தேன். விலாவுக்குக் கீழே விரலை வைத்த மாத்திரத்தில், கல் மாதிரி.

அவன் தாய் வந்துவிட்டாள். நான் பதற்றத்தில் உளறிவிட்டேன்.

"தங்கச்சி, இவனுக்குக் காய்ச்சல் வரும். உடனே கொய்னா கொடுங்க."

"யார்யா நீ? எம்புள்ள வயித்துல ஏன்யா கை வைக்கிற? நல்லா இருக்குற புள்ளைக்குக் காய்ச்சல் வரும்ங்குற?"

மருந்துக்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்து நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். செருப்பு வார் அறுந்தது.

அக்டோபர் 10, சனி

மழை. புரட்டாசிச் சனி, தங்கராசு வீட்டில் தளிகை. பல்வலியோடு வடை.

சாயங்காலம் கடையில் சிற்றாடை வாங்க வந்த இரண்டு பெண்கள் பேசியது, கேட்டபடி:

"தண்ணீர்மலையில பிள்ள பிடிக்கிறவன் வந்தானாம்க்கா. வெள்ளச் சட்டையாம், நம்மாளு மாதிரியே இருந்தானாம்."

"ஆத்துல கட்டுற பாலத்துக்குப் பலி குடுக்கத் தலை வேணுமாமே, அதுக்குத்தான்."

"மிட்டாயக் குடுத்து வயித்தத் தொட்டானாம். அன்னிக்கி ராத்திரியே பையனுக்குக் குளிரு தூக்கிப் போட்டுருச்சாம்."

நான் துணி மூட்டைகளுக்குப் பின்னால். வெள்ளைச் சட்டையோடு. சட்டைப்பையில் மிட்டாய்ப் பொட்டலம்.

அவர்கள் போனதும் தங்கராசு தரையில் உட்கார்ந்து சிரித்தான். "மாமா, இனிமே நீங்க நீலச் சட்ட போட்டுக்குங்க" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதைவிட, பையனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வரும் என்று சொன்னேன், வந்துவிட்டது. அவர்கள் கணக்கில் நான் சொன்னதால் வந்தது.

அக்டோபர் 11, ஞாயிறு

கொய்னா ஒரு பொட்டலம் கட்டி, எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லி, மரைக்காயரிடம் கொடுத்து அனுப்பினேன். நானே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்குனா. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா. சொல்லிட்டேன். அப்படியே ஓடையில வீசிட்டா."

"பையன்?"

"படுத்துத்தான் கெடக்குறான். இன்னொண்ணு டிரெசரே. அவங்க கூலிம் பக்கத்துத் தோட்டத்துலருந்து போன மாசந்தான் வந்தாங்களாம். அங்கயே அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சலாம்."

அப்படியானால் அந்தக் கட்டி கூலிமிலிருந்து வந்தது. தண்ணீர்மலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே ஒரு வயிற்றைத் தொட்டு ஒரு மலையையே தள்ளிவிட்டேன். அது நல்ல இடமாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அங்கே இனி நான் முகம் காட்ட முடியாது, அது மட்டும் நிச்சயம்.

அக்டோபர் 13, செவ்வாய்

டத்தோ கிராமாட்டில் ஒரு வீடு. பின் சந்து. பலகை வீடு, தகரக் கூரை, பசுவுக்குச் சாய்ப்பு. வாசலில் சாக்கடை, நாற்றம். இந்த மாதிரி அழுக்குத் தண்ணீரில் அந்தக் கொசு வராது என்று படித்திருக்கிறேன். படித்ததுதான்.

சந்து நிறையப் பிள்ளைகள். ஒரு சின்னப் பெண் என் பக்கத்திலேயே வந்து நின்றாள், தொப்புள் தெரிய, வாயில் விரலோடு. கையை நீட்டினால் போதும். நீலச் சட்டைதான் போட்டிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பையில் விட்டுக்கொண்டேன்.

"பிடிச்சிருக்கா?" என்றார் மரைக்காயர்.

"பிடிச்சிருக்கு."

ஆக, வயிறு பார்க்காமல் எடுத்த ஒரே இடம், குடிவரப்போகிற இடம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். பேய் இல்லாத இடமும் கண்ணுக்குத் தெரியவில்லையே.

வாங்க: கயிறு, சுண்ணாம்பு, கொசுவலை (பெரியது), செருப்பு வார்.

அக்டோபர் 20, செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. பல் பிடுங்கியாயிற்று.

மரைக்காயர் தண்ணீர்மலைப் பக்கம் போனாராம். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்கிறார் ஒருவர், ஆஸ்பத்திரி என்கிறார் ஒருவர். மூன்றாவதாக ஒன்றும் சொன்னார்கள் போலிருக்கிறது, மரைக்காயர் அதைச் சொல்லாமல் வெற்றிலை மடித்தார்.

அக்டோபர் 24, சனி

வந்துவிட்டார்கள். ஃபெர்ரியில் ராக்குவுக்கு வாந்தி. மாமனார் படுக்கை மூட்டையின் மேல் ராஜா மாதிரி. பசு நாளை மறுநாள் தனியாக வரும். வள்ளி என் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பவளத்துக்கு அடுத்தவள், அவள் போனபோது இருந்த வயது இப்போது இவளுக்கு. மாட்டுவண்டியில் ஏற்றும்போது யாராவது விட்டுப்போயிற்றா என்று எண்ணத் தொடங்கினேன். செ. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வாசலுக்கு வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஓடைத்தண்ணி கேட்டேன். சாக்கடையப் பிடிச்சுக் குடுத்திருக்கீங்க."

"இங்க காய்ச்சல் இல்ல செல்லம்."

"பாத்தீங்களா?"

அவளுக்கு என் வழக்கம் தெரியும். பார்த்தேன் என்றேன்.

அக்டோபர் 26, திங்கள்

கொசுவலைக்கு ஆணி அடித்தேன். பசு வந்தது, கால் கொஞ்சம் நொண்டுகிறது. மாமனாருக்கு வீடு பிடித்துவிட்டது, பேச ஆள் கிடைக்கிறதாம். பிள்ளைகள் சந்துப் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டார்கள். நேற்றும் இன்றும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டவில்லை. கட்டி தட்ட நாள் ஆகும், இது கணக்கில்லை. எதிர்வீட்டு அம்மாள் நான் வெளியே வரும்போதெல்லாம் தன் பெண்ணை உள்ளே கூப்பிடுகிறாள். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 27, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். செ. வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள், கொஞ்சம் கோபம் ஆறியிருக்கிறது. மத்திக் குழம்பு.

விளக்கு வைக்கிற நேரம். மற்றவர்கள் நின்று சட்டையைத் தூக்கினார்கள், பார்த்து அனுப்பினேன். வள்ளி மட்டும் கதவோரம் நின்றாள். இரண்டு கையும் வயிற்றின் மேல்.

"வா குட்டி."

"அப்பா, இங்க பிள்ள பிடிக்கிறவன் வர்றானாம்."

"யார் சொன்னா?"

"எதிர்வீட்டுப் பாப்பா. மிட்டாய் குடுப்பானாம். வாங்குனா வயித்தத் தொடுவானாம். தொட்டா அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து செத்துப்போயிருமாம்."

"அப்படியெல்லாம் யாரும் இல்ல."

அவள் கைகள் வயிற்றை விட்டு இறங்கவில்லை.

"அப்ப பவளக்கா வயித்த யாரு தொட்டா?"

செ. சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். நான் எழுந்து போய் விளக்கின் திரியைத் தூண்டினேன்.

இன்று வள்ளிக்குப் பார்க்கவில்லை.